பெரிய காயைத் தேடிப் போன கை

கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, கையில் ஒரு பழைய சைக்கிள் டயரோடு, ஆரல்வாய்மொழி மலைச்சரிவில் நான் நிற்கிறேன். வயது ஐம்பத்தொன்று. தொழில், பள்ளிக்கூடத்தில் உயிரியல் ஆசிரியர். தலைக்கு மேலே காற்றாலை இறக்கை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பெருமூச்சு விடுகிறது. கால்சட்டைக்குள் காற்று புகுந்து நான் இரண்டு ஆள் பருமனாகியிருக்கிறேன்.

"மூணு சுத்து சுத்துங்க," என்றாள் பின்னால் நின்ற என் மனைவி ஜாஸ்மின்.

சுற்றினேன். எந்தப் பக்கம் மலை, எந்தப் பக்கம் சாலை என்பது மறந்துபோனது. வயிற்றுக்குள் காலையில் தின்ற புட்டும் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றியது.

"இனி எறியுங்க."

தோளுக்கு மேலாகப் பின்பக்கம் வீசினேன். டயர் விழுந்த சத்தம் கேட்கவில்லை. ஜாஸ்மின் சிரிக்கும் சத்தம்தான் கேட்டது. துண்டை அவிழ்த்துப் பார்த்தால், டயர் நிமிர்ந்து நின்று, காற்று முதுகில் கை வைத்துத் தள்ள, சரிவில் உருண்டு போய்க்கொண்டிருந்தது. கற்றாழைப் புதரைத் தாண்டியது. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் விலகி வழிவிட்டன. கடைசியில் சாலையோர டீக்கடை பெஞ்சில் முட்டி, அங்கேயே ஒரு வட்டம் போட்டுப் படுத்துக்கொண்டது.

டீக்கடைக்காரர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மேலே ஏறி வந்தார். என் முகத்தைப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய துண்டைப் பார்த்தார். ஏதோ வேண்டுதல் என்று நினைத்து, குரலைத் தாழ்த்தி ஜாஸ்மினிடம் கேட்டார்.

"நேர்ச்சையாம்மா?"

"ஆமாண்ணே. எட்டு வருச நேர்ச்சை."

அவர் இரண்டு கையாலும் டயரை என்னிடம் நீட்டினார், ஏதோ பிரசாதத்தைக் கொடுப்பதுபோல.

ஒரு பானை, ஏழு தட்டு

ஜாஸ்மின் சொன்னது பொய்யில்லை.

அதற்கு எட்டு வருடங்களுக்கு முன்னால், அஞ்சுகிராமத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு மகரந்தச் சேர்க்கை நடத்திக்கொண்டிருந்த நான், திடீரென்று பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். சிலர் அந்த வயதில் புல்லட் வாங்குகிறார்கள். சிலர் மீசைக்கு மை பூசுகிறார்கள். எனக்கு இப்படி வந்தது.

(போன வாரம் இந்தப் பத்தியில், கல்யாண மேடையில் நான் மயங்கி விழுந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நான்கு பேர் போன் செய்து, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். அது இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய மயக்கம். இருந்தாலும் விசாரித்தவர்களுக்கு நன்றி. இந்த வாரக் கதையில் மயக்கம் இல்லை. மயக்கத்துக்கு ஒரு படி கீழே, எங்கள் ஊரில் வெப்ராளம் என்போம்: கை நடுங்கும், வாய் உலரும், செய்யக் கூடாததையெல்லாம் வரிசையாகச் செய்யத் தோன்றும். அது வந்தது.)

நான் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. விதைக்கென்று ஒரு செடியிடம் இருக்கும் சத்து, ஒரு பானைச் சோறு மாதிரி. அதைக் கொண்டு பெரிய விதைகளாகக் கொஞ்சம் செய்யலாம். அல்லது சின்ன விதைகளாக நிறையச் செய்யலாம். பெரிதாகவும் வேண்டும், நிறையவும் வேண்டும் என்றால் பானை காணாது. அப்படியென்றால் மண் மாறும்போது, மழை மாறும்போது, ஒரு செடி இந்தப் பங்கீட்டை எப்படி மாற்றிக்கொள்கிறது?

இந்தக் கேள்வியை நான் முதலில் புத்தகத்தில் படிக்கவில்லை. எங்கள் வீட்டில் ஏழு பிள்ளைகள். நான் ஐந்தாவது. அம்மா பானையைத் திறக்குமுன் தட்டுகளை எண்ணுவாள். அகப்பை எவ்வளவு முங்க வேண்டும் என்பது அப்போது முடிவாகும். சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளும் வந்த நாளில் அகப்பை பாதிக்குழியோடு வெளியே வரும். என் உடம்பைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. எனக்கும் ஜாஸ்மினுக்கும் ஒரே மகள், பெனிட்டா. முழுப் பானையும் அவளுக்கு. அவள் இரண்டு வாய் தின்றுவிட்டு, போதும் என்று எழுந்து போய்விடுவாள்.

எங்கள் மாவட்டம் இந்தக் கேள்விக்கென்றே செய்துவைத்த மாதிரி இருக்கிறது. ஆரல்வாய்மொழிப் பக்கம் எருக்கங்காய் வெடித்தால் பஞ்சு கட்டிய விதைகள் கூட்டமாகக் கிளம்பும். கையில் கட்டுச்சோறு எதுவும் கிடையாது. இறங்கும் இடத்தில் ஈரம் இருந்தால் பிழைப்பு. அருமனைப் பக்கம் ரப்பர்க் காய் வெயிலில் 'டப்' என்று வெடிக்கும். உள்ளே மூன்றே விதை, ஒவ்வொன்றும் கோலிக்குண்டைவிடப் பெரிது. தோட்டத்து நிழலில் முளைத்து, வெளிச்சம் எட்டும் வரைக்கும் சொந்தச் சோற்றிலேயே வளர வேண்டிய பிள்ளை அது. தாய் கட்டிக் கொடுத்துத்தான் அனுப்புகிறாள். தென்னை இன்னும் தாராளம். சோற்றோடு தண்ணீரையும் அடைத்து அனுப்பும்.

ஆனால் இவையெல்லாம் வேறு வேறு சாதிச் செடிகள். ஒரே செடி இரண்டு இடத்திலும் நின்றால் என்ன செய்யும் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அதற்குக் கிலுகிலுப்பையைப் பிடித்தேன். இடுப்புயரம், மஞ்சள் பூ, ஊதிவைத்த மாதிரி காய். காய்ந்தால் காய் கறுத்து, உள்ளே விதைகள் கழன்று, காற்றில் கிலுகிலுவென்று ஆடும். ஆடு மாடு அதில் வாய் வைக்காது. அதனால் ஆரல்வாய்மொழிச் சரிவிலும் நிற்கும், அருமனைத் தோட்டத்து வேலியோரத்திலும் நிற்கும். இரண்டு இடத்துக்கும் நடுவே ஸ்கூட்டரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஆனால் வானம் வேறு. ஆரல்வாய்மொழிக்கு மழை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அருமனைக்கு வந்தால் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகும்.

கல்யாண வீட்டில் சொல்லக்கூடிய கதை

ஆரல்வாய்மொழிக் காய்களை நானே போய்ப் பறித்தேன். அருமனைக் காய்களுக்கு ஆள் வைத்திருந்தேன். பெயர் தங்கையன், ரப்பர் பால்வெட்டுகிறவர். என் ஒன்றுவிட்ட அண்ணனின் தோட்டத்தில் வெட்டு அவருக்கு. காலை வெட்டு முடிந்ததும் வேலியோரச் செடிகளில் பறித்துப் பையில் போட்டு வைப்பார்; ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் போய் எடுத்துவருவேன்.

அந்தப் பையைத் திறந்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். பிஞ்சில் பழுத்தது, புழு துளைத்தது, கோணியது, ஒற்றை விதை கிடந்து உருளும் சப்பைக் காய், எல்லாம் இருக்கும். ஒரு நாள் நேரிலேயே கேட்டுவிட்டேன், கொஞ்சம் பார்த்துப் பறிக்கக் கூடாதா, இது ஆராய்ச்சி இல்லையா என்று. அவர் தலையைச் சொறிந்தார். சரி சாறே என்றார். அடுத்த வாரமும் பை அதே மாதிரிதான் இருந்தது.

மூன்று தை மாதங்கள் இப்படிப் போயின. விதைகளை எண்ணினேன். நகைக்கடைத் தராசு ஒன்று வாங்கி எடை போட்டேன். கிடைத்த விடை அற்புதமாக இருந்தது. ஆரல்வாய்மொழி விதை பெரிது, அருமனை விதை சிறிது! வறண்ட மண்ணில் நிற்கும் தாய், தன் பிள்ளைக்குக் கூடுதலாகச் சோறு கட்டிக் கொடுக்கிறாள். மழை பெய்யும் ஊர்த் தாய்க்கு அந்தக் கவலை இல்லை.

கல்யாண வீட்டுப் பந்தியில்கூடச் சொல்லக்கூடிய கதை. சொன்னேன். நாகர்கோவிலில் என் வழிகாட்டிப் பேராசிரியையின் கல்லூரிக் கருத்தரங்கிலும் சொன்னேன். கைதட்டினார்கள். பேராசிரியை என்னைவிட ஏழு வயது இளையவர்; நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை சார் என்பார். அன்று அவர்கூட, நல்லா வந்திருக்கு சார், எழுதி முடிச்சிருங்க என்றார். பதிவுக்காலம் முடிய மூன்று மாதமே பாக்கி. கேட்கக்கூடிய நீட்டிப்பெல்லாம் கேட்டு வாங்கியாகிவிட்டது. இனி கொடுக்க மாட்டார்கள்.

எழுதி முடித்தேன். ஒரு கட்டு காகிதம், முகப்பில் என் பெயர். அதை மேசையில் வைத்து, நடுவிரலால் தட்டித் தட்டிப் பார்த்தேன்.

குடும்பக் குழுவில் என் நடனம்

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு பெங்களூரிலிருந்து பெனிட்டா வந்திருந்தாள். சரிபார்ப்புக்காகக் கடைசியாக ஒரு தடவை ஆரல்வாய்மொழிக்குப் போனபோது அவளும் கூட வந்தாள். காற்றில் தொப்பி பறக்க, பை பறக்க, நான் குனிந்தும் நிமிர்ந்தும் காய் பறிப்பதைப் போனில் படம் எடுத்தாள். அதற்கு ஒரு குத்துப்பாட்டைச் சேர்த்து, அடுத்த ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் போட்டுக் காட்டினாள்.

சிரித்தோம். ஜாஸ்மின் கண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இன்னொரு தடவை போடச் சொன்னேன். இரண்டாவது தடவை நான் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன்.

என் கை முதல் காயைத் தொட்டது, விட்டது. இரண்டாவதை விரலால் தடவியது, விட்டது. மூன்றாவதை ஆட்டிப் பார்த்தது, விட்டது. நான்காவது காய் தடித்து, மினுங்கி, ஒரு குறையும் இல்லாமல் நின்றது. கை அதைப் பறித்துப் பைக்குள் போட்டது.

அடுத்த செடியிலும் அப்படியே. அதற்கடுத்த செடியை, அது நோஞ்சானாக நின்றதால், கை தொடவே இல்லை.

மேசை மேல் இருந்த காகிதக் கட்டைப் பார்த்தேன். ஆரல்வாய்மொழி விதை பெரிது என்று கண்டுபிடித்தவன் நான். அதைப் பெரிதாக்கியவனும் நான்தான். அருமனையில் தங்கையன் கைக்கு வந்ததையெல்லாம் பறித்தார். இங்கே நான் பெரியதை மட்டும் பறித்தேன். இரண்டையும் தராசில் வைத்து, செடி என்ன சொல்கிறது பாருங்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அடுத்து நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆகவே விவரமாகச் சொல்கிறேன். முதலில் நாடியைப் பிடித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை, தவறான பக்கம் பிடித்திருந்தேன். வாயுவுக்கு ஒரு மாத்திரை போட்டேன். கிணற்றடிக்குப் போய், இங்கே எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்தேன். பிறகு, மகள் கை கழுவப் போன நேரம் பார்த்து, அவள் போனை எடுத்து அந்தப் படத்தை அழித்தேன்.

சாட்சியை அழித்தாகிவிட்டது. மூச்சு சீரானது. அப்போது என் சட்டைப்பையில் என் போன் அடித்தது. குவைத்தில் இருக்கும் மூத்த அண்ணன்.

"ஏலே, ஆட்டம் நல்லா இருக்கு. நம்ம குரூப்புல எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கோம்."

கோயிலுக்குப் போகும் சேனை

இந்தப் பழக்கம் என் கைக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லாமலே தெரிந்திருக்கும்.

வருடத்துக்கு ஒரு முறை ஸ்தோத்திரப் பண்டிகை. வீட்டில் விளைந்ததைக் கோயிலுக்குக் கொண்டுபோய் ஆல்டருக்கு முன்னால் வைக்க வேண்டும். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். இளைத்த மரச்சீனிக் கிழங்கை யாரும் கொண்டுபோனதில்லை. ஒருவர் தூக்க முடியாத சேனை, தரையைத் தொடும் ஏத்தன் வாழைக்குலை, குழந்தை மாதிரி கையில் ஏந்திவரும் பூசணி. வெளியூர்க்காரர் யாராவது அன்று கோயிலுக்குள் வந்தால், இந்த ஊரில் சின்னக் காய் காய்ப்பதே இல்லை என்று நினைத்துக்கொண்டு போவார்.

எங்கள் வீட்டில் பண்டிகைக்குக் காய் பறிக்கும் வேலை எனக்கு. ஏழு பேரில் என் கண்தான் கூர்மை என்று அப்பா சொல்வார். நான் கத்திரி வரிசையில் இறங்கினால் அவர் வரப்பில் நின்று பார்ப்பார். சின்னதில் கை வைத்தால் ஒரு கனைப்பு. அவ்வளவுதான். அந்தக் கனைப்புக்குப் பயந்து பயந்து, கண் சொல்லாமலே கை பெரிய காய்க்குப் போகப் பழகிவிட்டது. அப்பா போய்ப் பல வருடம் ஆயிற்று. கனைப்பு கைக்குள்ளேயே தங்கிவிட்டது.

ஆரல்வாய்மொழிச் செடிகளைக் கோயில் ஆல்டரில் வைப்பதற்காகப் பறித்திருக்கிறேன்!

மேடம் சொன்ன ஒரு வரி

அந்த ஞாயிறு மாலை, அப்படியே கொடுத்துவிடலாம் என்ற யோசனையும் வந்தது. எனக்குத் தெரியும், என் கைக்குத் தெரியும், வேறு யாருக்குத் தெரியப்போகிறது? ஜாஸ்மின் தையல் மெஷினில் உட்கார்ந்து ஒரு பிளவுஸுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். கால் மிதிப்பதை நிறுத்தவில்லை.

"நாளைக்கே மேடத்துக்கிட்ட போங்க," என்றாள். "போகல்லன்னா, நீங்க ராத்திரி ராத்திரி பொரண்டு பொரண்டு படுப்பிய. எனக்கு ஒறக்கம் வேணும்."

போனேன். போகிற வழியெல்லாம் நடுக்கம். பேராசிரியையின் அறையில் உட்கார்ந்து, போனில் அந்தப் படத்தைக் காட்டினேன். குத்துப்பாட்டை நிறுத்தத் தெரியவில்லை. அது முழுக்க ஓடி முடியும் வரை அவர் பொறுமையாகப் பார்த்தார்.

"நீங்க செடிய அளக்கல்ல சார். உங்க கைய அளந்திருக்கீங்க."

நான் தலையாட்டினேன். அவர் நாட்காட்டியைப் பார்த்தார். பதிவுக்காலம் முடிய இன்னும் இரண்டு மாதமும் சில்லறை நாட்களும். காய்கள் சரிவில் எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டார். மூன்று வாரம், கூடிப்போனால் நான்கு. அதற்குப் பிறகு வெடித்துவிடும் என்றேன். இரண்டு இடத்திலும் புதிதாகப் பறித்து, எண்ணி, எடை போட்டு, அந்த அத்தியாயத்தைத் திருப்பி எழுத முடியுமா என்றார். முடியாவிட்டால் எட்டு வருடமும் அதோடு சரி என்பதை அவர் சொல்லவில்லை. அறைக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அதை நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

பிறகு உள்ளே போய், முடியும் மேடம் என்றேன். சொன்ன பிறகு ஆச்சரியமாக நடுக்கம் நின்றுவிட்டது. ஓட வழியில்லாத இடத்தில் எனக்கு நல்ல தைரியம் வரும்.

தங்கையனிடம் ஒரு மன்னிப்பு

நேரே அருமனைக்கு வண்டியை விட்டேன். தங்கையன் பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். கைகளில் ரப்பர்ப் பாலின் புளித்த வாடை. நடந்ததைச் சொன்னேன். அவர் பறித்த பையைப் பார்த்துக் கோபப்பட்டேனே, அவர் செய்ததுதான் சரி, என்னுடையதுதான் குப்பை என்றேன்.

அவர் வாளியை மெல்லக் கவிழ்த்து வைத்தார். நான் கேட்ட மன்னிப்பை ஏற்பதா, அதில் ஏதாவது வில்லங்கம் இருக்கிறதா என்று பார்த்தார் போலிருக்கிறது.

"அது ஒண்ணுமில்ல சாறே. வெட்டு முடிஞ்சா எனக்க நடு முதுகு ஒடிஞ்சு போவும். அதுக்கு மேல நின்னு நல்லது பாக்க ஆருக்கு நேரம்? கையில கிட்டினத ஒக்க பறிச்சு போட்டேன்."

இந்த முறை இரண்டு இடத்திலும் ஒரே முறை என்று விளக்கினேன். சைக்கிள் டயரைக் கண்ணைக் கட்டிக்கொண்டு எறிய வேண்டும். அது விழுந்த வட்டத்துக்குள் வேரூன்றி நிற்கும் செடிகளில், நோஞ்சானோ கொழுத்ததோ, ஒரு காய் விடாமல் பறிக்க வேண்டும். வட்டத்துக்கு வெளியே தங்கமே காய்த்தாலும் தொடக் கூடாது. கண்ணைக் கட்ட நான் நீட்டிய துண்டைத் தங்கையன் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இது உங்களுக்குத்தான் வேணும் சாறே. எனக்க கண்ணு அவ்வளவு பொல்லாதது இல்ல."

மணல் பை

இப்போது மறுபடி சரிவுக்கு வருகிறேன். டயரைக் கையில் வாங்கிக்கொண்டு நான் நின்றிருந்தேன் அல்லவா, அங்கே.

டீக்கடைக்காரர் இறங்கிப் போனதும் இன்னொரு தடவை எறிந்தேன். மறுபடி உருண்டது. அவர் கீழேயிருந்து கையை ஆட்டினார், நான் பிடித்து வைக்கிறேன் என்று. நான்காவது தடவைக்குப் பிறகு அவரே நேர்ச்சையை வேறு மாதிரி வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார். அன்று ஒரு காய்கூடப் பறிக்காமல் வீட்டுக்கு வந்தோம். மூன்று வாரத்தில் ஒரு நாள் போயிற்று. மனதுக்குள் பள்ளிக்கூடம், பட்டம், பேராசிரியை, அப்பாவின் கனைப்பு எல்லாம் உருண்டுகொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்ததும் ஜாஸ்மின் பழைய கால்சட்டை ஒன்றைக் கிழித்தாள். நாலு குட்டிப் பை தைத்தாள். வாய்க்கால் மணலை அள்ளி நிறைத்து, டயரின் நாலு பக்கமும் வைத்துத் தைத்துக் கட்டினாள். தூக்கிப் பார்த்தேன். கனமாக இருந்தது.

"இப்பம் உருளச் சொல்லுங்க பாப்போம்," என்றாள்.

உருளவில்லை. மறுநாள் எறிந்தபோது 'தொப்' என்று விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்தது. துண்டை அவிழ்த்துப் பார்த்தால் வட்டத்துக்குள் இரண்டு செடி. ஒன்று முழங்கால் உயரம்கூட இல்லை, மூன்றே காய். என் கை பக்கத்தில் நின்ற கொழுத்த செடிக்குப் போகத் துடித்தது. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். உண்மையாகவே பிடித்துக்கொண்டேன். ஜாஸ்மின் அந்த மூன்று காயையும் பறித்து, உறையில் போட்டு, எண் எழுதினாள்.

அதற்குப் பிறகு ஒரு சனி, ஞாயிறும் விடவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் வெளிச்சம் இருக்கும் மட்டும் ஆரல்வாய்மொழி. காலையில் ஒரு விடுப்பு எடுத்து அருமனை. காய்ச்சல் வந்தது, அதையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைசி வாரம் சரிவில் நடக்கும்போதே காய்கள் வெடிக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது, யாரோ மெல்ல விரல் சொடுக்குவது போல. அந்தச் சத்தம் கேட்கக் கேட்க நான் வேகமாகச் சுற்றினேன், வேகமாக எறிந்தேன். டீக்கடைக்காரர் நேர்ச்சை முடிய இன்னும் எத்தனை சுற்று என்று தினமும் கேட்டுக்கொண்டார்.

காய்கள் எல்லாம் வெடித்துத் தீர்வதற்கு இரண்டு நாள் முன்னால் கடைசி உறையை ஒட்டினோம்.

இரண்டு தட்டு

சாப்பாட்டு மேசையில் எண்ணினோம். ஜாஸ்மின் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எவர்சில்வர் தட்டில் விதை விழும் ஓசை. பழுப்பு நிறம், நுனியில் ஒரு சின்ன மடிப்பு, காது மாதிரி. பிறகு தராசு.

எடை வரவர என் அழகான கதை கரைந்துகொண்டே போனது. ஆரல்வாய்மொழி விதையும் அருமனை விதையும் ஒரே எடைக்கு வந்து நின்றன. தராசின் கடைசி இலக்கத்தில் மட்டும் கொஞ்சம் தகராறு. பெரிய விதையும் இல்லை, சின்ன விதையும் இல்லை. கைதட்டியவர்கள் முகம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எட்டு வருடத்துக்குப் பிறகு, வித்தியாசம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுக்கப்போகிறேனா?

ஜாஸ்மின் இரண்டு தட்டிலிருந்தும் ஒவ்வொரு விதை எடுத்தாள். முதுகுக்குப் பின்னால் மாற்றினாள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி விரித்தாள்.

"எது ஆரல்வாய்மொழி?"

வலது என்றேன். தப்பு. இன்னொரு தடவை. இடது என்றேன். தப்பு. மூன்றாவது சரி. அதன் பிறகு மறுபடி தப்பு. எட்டு வருட நிபுணன், காசு சுண்டிப் போட்டிருந்தாலும் இதே அளவுக்குச் சரியாகச் சொல்லியிருப்பேன்.

"பெறவு என்னத்துலதான் வித்தியாசம்?" என்று கேட்டுவிட்டு, அவள் தட்டுகளைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

அருமனைத் தட்டு குவிந்து கிடந்தது. ஆரல்வாய்மொழித் தட்டின் அடி தெரிந்தது.

இத்தனை நாளும் கண்ணுக்கு முன்னால் இருந்தது அது. இரண்டு இடத்திலும் அதே வட்டம், அதே எண்ணிக்கையில் எறிந்தது. ஆனால் வறண்ட சரிவுச் செடியில் காய் குறைவு, காய்க்குள் விதையும் குறைவு. எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு விதையும் அருமனை விதைக்குச் சமம். தண்ணீர் இல்லை, மண் இல்லை, நாள் முழுக்கக் காற்று முதுகில் அடிக்கிறது. அந்த முழங்கால் உயரச் செடி மூன்றே காய் காய்த்தது. ஆனால் அகப்பையைப் பாதிக்குழியோடு எடுக்கவில்லை. தட்டுகளைக் குறைத்துக்கொண்டது. இருக்கிற தட்டுக்கு முழு அகப்பை.

என் பழைய கதையில் செடி வள்ளலாக இருந்தது. இந்தச் செடி பிடிவாதக்காரி. எனக்கு இவளைத்தான் பிடித்தது.

கை என் கை

கடைசி நாளுக்கு நான்கு நாள் முன்னால் பேராசிரியையிடம் கொண்டுபோனேன். மூன்றாவது அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் அவர் பேனா நின்றது. அங்கே நான் எழுதியிருந்தேன்: முதல் மூன்று பருவங்களின் சேகரிப்பு இந்த ஆய்வில் தள்ளப்படுகிறது. ஆரல்வாய்மொழியில் சேகரித்தவர் பெரிய காய்களையே தேர்ந்தெடுத்துப் பறித்தார். அருமனையில் சேகரித்தவர் அப்படிச் செய்யவில்லை.

"இவ்வளவு வேணுமா சார்? சேகரிப்பில் குறைபாடுன்னு ஒரு வரி போதுமே."

"இருக்கட்டும் மேடம். குறைபாடுன்னு போட்டா யாரோ வழிப்போக்கன் செஞ்ச மாதிரி இருக்கு. கை என் கை."

அவர் இன்னொரு தடவை படித்தார். கையெழுத்துப் போட்டார். நன்றிப் பக்கத்தில் முதல் பெயர் தங்கையன் என்று இருந்ததைப் பார்த்து, எந்தக் கல்லூரி என்று கேட்டார். பால்வெட்டு என்றேன்.

கட்டைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, நடுக்கம் வருகிறதா என்று கையை நீட்டிப் பார்த்தேன். கொஞ்சம் வந்தது. பழக்கதோஷம். வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. ஒரே ஒரு பருவம் போதுமா என்று அங்கே யாராவது கேட்பார்கள். போதாது என்றுதான் சொல்லப்போகிறேன். நான் கெடுத்தது மூன்று பருவம். மூன்றையும் திரும்ப எறிந்தே தீர்ப்பேன், பட்டம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும்.

இதற்கிடையில் ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது. முந்தின நாள் சாயங்காலம் கூடையை எடுத்துக்கொண்டு பின்பக்கக் கத்திரி வரிசையில் இறங்கினேன். டயர் கிணற்றடிச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, நாலு மணல் பைகளோடு. ஜாஸ்மின் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"டயர எடுத்துத் தரட்டா?" என்றாள்.

என் கை முதல் காயைத் தொட்டது, விட்டது. இரண்டாவதைத் தடவியது, விட்டது. மூன்றாவதையும் விட்டது.

"வேண்டாம். இது கோயிலுக்கு," என்றேன். "டயர் தை மாசத்துக்கு."

நான்காவது காய் கருநீலத்தில் மினுங்கியது. பறித்தேன்.